சாமை மிஷினுக்குச் சக்கரம் சுட்ட கதை

உலோகப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக மிஷின் பாகங்களை வளர்ப்பது என் தொழில். அதைச் செய்வதைவிட, இன்னது செய்கிறேன் என்று சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டதும் காது கேட்காத மாதிரி ரசத்தை உறிஞ்சுகிறவர் நீங்கள் என்றால், வாங்க, நம்ம ஆள்தான். கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டில் எங்கள் பட்டறை. முதலாளி ரைஸ்மில்காரர். யாரோ ஏற்றிவிட்டதில் செகண்ட் ஹேண்டில் இந்த மிஷினை வாங்கிப்போட்டு, ஓட்டுவதற்கு என்னையும் போட்டார். நான் பட்ட பாடு அத்தனையும் ஒரே ஒரு சக்கரத்தில் அடங்கிவிட்டது. அதை மட்டும் சொல்கிறேன்.

சுற்றி வளைத்து

கோவிந்தம்மா வெள்ளிமலைக்காரர். அங்கே பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஓட்டும் சாமை மிஷினுக்கு அவர்தான் பொறுப்பு. சாமையை வீசியடித்து உமியைக் கழற்றும் சக்கரம் விண்டுபோயிருந்தது. மிஷின் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். வார்ப்புப் பட்டறைகளில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அறுத்த சாமையோ ஷெட் நிறைய மூட்டையாகக் காத்திருக்கிறது. உமி நீக்கினால்தான் நல்ல விலை. இல்லாவிட்டால் வியாபாரி கேட்கிற விலைக்கு உமியோடு தள்ளிவிட வேண்டியதுதான். உடைந்த சக்கரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தார்.

வேறொரு பாகம் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகக் காட்டினேன். பிளேடு பொடியை மெல்லிசாக இழுத்துப் பரப்பும். லேசர் ஓடி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி ஒட்டும். தட்டு துளி இறங்கும், மறுபடியும் பொடி. உங்க சக்கரத்துக்கு இப்படி ஆயிரத்து ஐந்நூறு தடவை என்றேன், பெருமையாகத்தான். இந்தப் பொடி எங்கேயிருந்து வருது என்று கேட்டார். ஸ்டீலை உருக்கி, பொடியாக அடித்து அனுப்புகிறார்கள் என்றேன். கண்ணாடியை விட்டுத் திரும்பிச் சொன்னார்:

"ஒருத்தரு ஸ்டீல உருக்கிப் பொடியாக்கினு இருக்காரு. நீங்க அந்தப் பொடிய உருக்கி ஸ்டீலாக்கினு இருக்கீங்க. ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

சம்பந்தி பார்த்த சக்கரம்

வேலை நடக்கும்போது உள்ளே காற்றே புகக் கூடாது, புகுந்தால் பாகம் கெட்டுவிடும். காற்றை வெளியேற்றி, ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் ஓட்டுவோம். இதை நான் முதலாளிக்குச் சொல்லாத நாளில்லை. ஆனால் அவருக்கு ராகுகாலம் மட்டும்தான் மனசில் நிற்கும். நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிச் சக்கரத்தைத் தொடங்கினோம். போகட்டும், கற்பூரம் வெளியேதானே எரிந்தது.

மறுநாள் காலையில் சக்கரம் முக்கால்வாசி வளர்ந்திருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவர் பெண்ணுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். கண்ணாடியில் ஒன்றும் தெரியலையே என்றாராம் மாப்பிள்ளையின் அப்பா. அவ்வளவுதான். இவர் மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, பொடியைக் கையாலேயே ஒதுக்கிக் காட்டியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது சம்பந்திகள் இருவரும் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரம் குப்பைக்குப் போயிற்று, மலையில் கோவிந்தம்மாவுக்குச் சக்கரம் கிடைப்பது இன்னும் நாலு நாள் தாமதமாயிற்று. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன், சம்பளம் கொடுப்பவராகப் போய்விட்டார். அவரோ என்னைத்தான் முறைத்தார்:

"அஞ்சே நிமிஷந்தாம்பா தொறந்தேன். அத்தக்கூடத் தாங்கலன்னா இன்னா மிஷினு அது?"

என் பங்கு

முதலாளியை மட்டும் வைதால் ஆச்சா? அடியேனும் லேசுப்பட்டவன் இல்லை. உடைந்த சக்கரத்தை ஸ்கேன் பண்ணும்போதே பார்த்தேன். நடுத்துளை அகன்றிருந்தது, இறக்கை நுனியெல்லாம் மழுங்கியிருந்தது. டிப்ளமோ படித்தவன் சும்மா விடுவேனா? கம்ப்யூட்டரில் துளையைச் சுருக்கினேன், இறக்கையை நீட்டினேன், கம்பெனியே வெட்கப்படுகிற மாதிரி புத்தம்புதுச் சக்கரம் சுட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு மலையேறிய கோவிந்தம்மா மறுநாளே இறங்கி வந்தார். சக்கரம் தண்டில் ஏறவே இல்லையாம். தண்டு தேய்ந்தபோது சங்கராபுரம் லேத்காரர் அதன்மேல் புஷ் என்கிற உறையைப் போட்டு, அதற்குத் தக்கபடி துளையையும் பெரிதாக்கியிருக்கிறார். சக்கரம் சுழலும் கூடு ஓட்டையானபோது உள்ளே தகடு வைத்து அடைத்து, உரசாமலிருக்க இறக்கையை ராவியிருக்கிறார். நான் தேய்மானம் என்று நினைத்துத் திருத்தியதெல்லாம் ரிப்பேர். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கோவிந்தம்மா புதுச் சக்கரத்தை என் மேசைமேல் வைத்தார்:

"நான் குடுத்தது எங்க மிஷினு சக்கரம். நீங்க செஞ்சது கம்பெனி மிஷினு சக்கரம். கம்பெனியத்தான் மூடிட்டாங்களே, இத்த எங்க போயி மாட்டுறது?"

ஓட்டிப் பார்த்தோம்

இந்தத் தடவை நானே பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய் மிஷினை அளந்து வந்தேன். கோணல் மாணல் எல்லாவற்றையும் அப்படியே சுட்டு, நானே கொண்டுபோய் மாட்டினேன். ஓர் உரசல் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. கோவிந்தம்மா ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். சாமை அரிசி வெள்ளை வெளேரென்று விழுந்தது. அடுத்த மூட்டையைத் தூக்கலாம் என்று உற்சாகமாகத் திரும்பினேன்.

ஷெட்டில் ஒன்றும் இல்லை. எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்? வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லாமல், போன வாரமே ஒவ்வொரு வீடாக வியாபாரி லாரியில் உமியோடு ஏற்றிவிட்டார்கள். அவர் கேட்ட விலைக்குத்தான். சக்கரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று கோவிந்தம்மா மட்டும் தன் வீட்டு மூட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சக்கரம் நல்லா ஓடுது சார், ஒரு கொறையும் இல்ல. சாமைதான் அடுத்த வருசம் வெளையும், அப்ப வாங்க."

மயிரிழையில் பாதி பிசகினால் பாகத்தையே தூக்கிப்போடுகிற தொழில் எங்களுடையது, ரெண்டு வாரம் பிசகினால் மட்டும் அதை அளக்க எங்களிடம் கருவி கிடையாது.