பியாட்ரிஸ் வெட்டிய எழுத்து

படம் கழுவும் இருட்டறைக்குள் பியாட்ரிஸ் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வதைக் கேட்டுப் பக்தி என்று ஏமாந்துவிடக் கூடாது. அதுதான் அவருக்குக் கடிகாரம். சின்னப் படத்துக்கு ஒரு மரியே நேரம் வெளிச்சம், பெரிதென்றால் மூன்று. நடுவில் யாராவது கதவைத் தட்டினால் செபம் அப்படியே வசவாகிவிடும். “யாரு லா அது? சோறு வேகுறப்ப சட்டியத் தெறக்கிற ஆளு?”

மலேசியாவின் ஈப்போவில் அந்தப் போட்டோ ஸ்டூடியோவைத் தேடி வருகிறவர்கள் அவர் கைக்காகத்தான் வருகிறார்கள். கறுப்புத் தாளில் எழுத்துகளை வெட்டியெடுத்து, படத்தாளின் மேல் விரித்து, மேலேயிருந்து நெகட்டிவின் வெளிச்சத்தை இறக்குவார். எழுத்தின் ஓட்டைகளுக்குள் மட்டும் படம் விழும்; மற்ற இடமெல்லாம் வெள்ளை. மணமக்கள் பெயருக்குள் மணமக்களே சிரிப்பார்கள். வெட்டும்போது அவருடைய நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். ஓர் எழுத்து கோணிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எழுபத்தாறாம் வருஷம் பீடோர்ப் பக்கம் கல்லுமலை ரப்பர்த் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போகுமுன், தோட்டத்தின் பெயருக்குள் எல்லாரும் நிற்கிற மாதிரி வீட்டுக்கொரு படம் வேண்டுமென்று, சங்கத் தலைவர் அர்ச்சுனன் பழைய கூட்டப் படத்தின் நெகட்டிவோடு வந்தார். வெட்டி முடித்த அன்று பார்க்க வந்தபோது கூடவே நல்லம்மாளும் வந்தாள். அவள் புருஷன் அப்பாவு அந்தப் படம் எடுத்த வருஷமே இடி விழுந்து செத்தவர்.

பொருத்திப் பார்த்தால் அப்பாவு இரண்டு எழுத்துகளுக்கு நடுவே, கறுப்புத் தாளில் மாட்டிக்கொண்டார். பியாட்ரிஸ் அங்கே ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்தார். முகம் பளிச்சென்று தெரிந்தது. நெகட்டிவில் கறுப்பு முடியும் வெள்ளை அல்லவா?

“அடியாத்தி! இவருக்கு நரச்சுப்போச்சே!” என்றாள் நல்லம்மாள். சிரிக்கப் போனவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பியாட்ரிஸ் தாளை இடப்பக்கம் நகர்த்தினார். அப்பாவு உள்ளே வந்தார். அர்ச்சுனன் வெளியே போனார்.

“என்னக்கா, வேல குடுத்ததே நாந்தானே!”

“அப்ப அவரு போறாரு. நான் என்னா செய்ய, தலைவரே?”

“அப்பாவுவுக்குத் தனியா ஒரு படம் போட்டுக் குடுத்துருங்க. சூசா இல்ல, சுளுவான வேலதானே.”

“தனியாத்தாண்ணே இத்தன வருசமா கெடக்காரு,” என்றாள் நல்லம்மாள். “எல்லா வீட்லயும் எல்லாரோடயும் நிக்கட்டுமே.”

பியாட்ரிஸ் தாளைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டுப் பிளேடைக் கையில் எடுத்தார். அவர் செய்யப் போவது புரிந்து அர்ச்சுனன் பதறினார். “ஐயையோ, எழுத்து வீங்கிப் போகும்க்கா! தோட்டத்துப் பேரு லா! வெட்டினா ஒட்ட முடியாது!”

பியாட்ரிஸின் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. நூல் பிடித்தாற்போல் நின்ற எழுத்தின் ஓரத்தில், அப்பாவுவின் தலையைச் சுற்றிப் பிளேடை இறக்கினார். கழன்ற கறுப்புத் துண்டை விரல் நுனியில் ஒற்றியெடுத்து, ‘பூ’வென்று ஊதிவிட்டார்.