காலியாகக் கிடந்த சீட்டு

முன்பு ஜீப் கவிழ்ந்து உடைந்த என் இடுப்பெலும்புக்குத் தகடு வைத்தார்கள். இன்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "உள்ள ஸ்க்ரூ உடைஞ்சிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். இனி மேடு ஏறி இலை பறிக்காதீங்க" என்றார்.

தேயிலை விலை விழுந்து கிடக்கிறது. ஆள் வைத்துப் பறிக்க வழியில்லை. நானும் பறிக்காவிட்டால் எங்கள் தோட்டம் காடாகிவிடும்.

ஊர் திரும்ப ஏறிய எமரால்டு பஸ்ஸில் ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்தார்.

"உட்கார்ந்தாத்தான் வலிக்குதுங்க்கா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் திரும்ப உட்காரவில்லை. என் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"ஏனுங்க, சீட்டு சும்மா கெடக்குது, ரெண்டு பேரும் நிக்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"இந்தப் புள்ள நிக்கறப்ப எனக்கெதுக்குங்க சீட்டு?" என்றார் அக்கா.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஸ்க்ரூ எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அப்புறம் மேடு ஏறினீர்களா? ஏறினேன் என்று பொய்யாவது சொல்லுங்கள்.