சவ்வோடு அளந்த ஓடு

ஒரு முட்டை நல்ல முட்டைதான் என்று எழுதிக் கொடுக்க, அந்த முட்டையை உடைத்தே ஆகவேண்டும் என்கிற வேலை எங்களுடையது. பொத்தேரியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். காடைப் பண்ணைகளுக்குப் போய், முட்டையைக் கண்ணாடித் தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் உயரத்தையும் ஓட்டின் கனத்தையும் அளந்து படிவத்தில் எழுதுவேன். மேலதிகாரியின் அவசரத்துக்கு அளவெடுத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். புரியாவிட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பத்து முட்டை

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தேவகி அக்காவின் பண்ணை. தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை போனபின் ஐநூறு காடைகளோடு தொடங்கியவர். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் அவருடைய முட்டை முழுவதையும் எடுத்துக்கொண்டது. மாதாமாதம் என் சான்று போனால்தான் எடுக்கும். அந்த ஒரு ஓட்டலை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதல் தடவை போனபோது பத்து முட்டை கேட்டேன். புள்ளி அழகாக விழுந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, துடைத்துத் தட்டில் வைத்தார், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போல. இப்படிப் பொறுக்கக்கூடாது, கைக்கு வந்ததை நான்தான் எடுக்கவேண்டும் என்றேன். ஒவ்வொன்றாக உடைக்க உடைக்க அவர் முகம் சுருங்கியது.

"நல்லா கீதுன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு சார் ஒடைக்கிற?"

கட்டைவிரல்

ஓட்டை அளக்கும் முன் உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரிக்கவேண்டும். காடை முட்டை ஓடு நகத்தளவு துண்டாகத்தான் உடையும்; அதில் ஈரச் சவ்வை உரிப்பதற்குள் பொறுமை போய்விடும். அடுத்த மாதம் போனபோது எனக்கு இன்னும் மூன்று பண்ணை பாக்கி இருந்தது. சவ்வோடேயே அளந்துவிட்டேன். சவ்வு சேர்ந்தால் கருவியில் ஓடு தடிமனாகத்தான் தெரியும். தெரிந்தே செய்தேன்.

அக்கா ஒரு முட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே நின்றார். "புதுத் தீவனம் மாத்துனதுலேர்ந்து ஓடு மெலிசாப் பூட்சி சார், அமுக்குனாலே தெரியிது" என்றார். நான் அளவுக் கருவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டி எண்ணைக் காட்டினேன். படித்தவன் என்கிற திமிர்தான், வேறென்ன.

"மிஷினே சொல்லுதுன்னா சரி சார், என் வெரலுக்கு இன்னா தெரியும்."

ஓட்டல் சமையலறை

மூன்றாவது வாரம் ஓட்டலிலிருந்து அழைப்பு. ஈசிஆரில் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். தட்டுத் தட்டாக முட்டைகள் கீறல் விட்டு ஒழுகிக் கிடந்தன. வேகப்போட்டவை வெடித்து வெள்ளையாக நுரைத்திருந்தன. இனி அந்தப் பண்ணை முட்டையே வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். சமையல்காரர் நான் கையெழுத்துப் போட்ட சான்றை ஈரக்கையோடு எடுத்து நீட்டினார்.

"முட்டையெல்லாம் ஒடஞ்சி பூட்சி, இந்தப் பேப்பரு மட்டும் நல்லா கீது சார், இத்த வேக வெக்கட்டா?"

கூண்டு

அங்கிருந்து நேரே பண்ணைக்குப் போனேன். தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் காடை தன் எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்கு ஓடு செய்யும். எலும்பு வலுவிழந்ததும் நிற்க முடியாது. கூண்டு முழுக்கக் கால் பரப்பிப் படுத்துக் கிடந்தன. பாதிக்கு மேல் செத்துவிட்டன. அவற்றை அந்தத் தீவனச் சாக்கிலேயே கட்டி வைத்திருந்தார் அக்கா. போன தடவை நான் ஒழுங்காக அளந்திருந்தால் கிளிஞ்சல் தூள் கலந்தே காப்பாற்றியிருக்கலாம்.

ஒரு முட்டையை உடைத்து, இந்த முறை சவ்வை உரித்து அளந்தேன்; ஓடு மெலிசுதான். பிறகு போன தடவை செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கி என் வெரலு கரீட்டாத்தான் சொல்லிக்கீது."

இப்போதெல்லாம் சவ்வை உரிக்காமல் நான் அளப்பதில்லை, அதற்கு முன் கட்டைவிரலாலும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன், அதை எழுதத்தான் படிவத்தில் இடம் இல்லை.