முதுகு காட்டி ஓட்டும் படகு

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளோடு மல்லுக்கட்டி எங்கள் பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். உள்ளே நுழைந்ததும் போன உயிர் திரும்பிவிடும். கழிமுகத்தின் கரையில் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். ஒருபக்கம் எங்கள் துடுப்புப் படகுகள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். மறுபக்கம் பாய்மர அணிக்காரர்கள் காற்று வரும்வரை டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்துவைத்தவர்கள்!

இருவர் படகில் என் ஜோடி மீனவக் குப்பத்துப் பெண். சின்ன வயதிலேயே அப்பாவின் படகில் முகத்துவாரம்வரை போய் வந்தவள். பயமா, கிலோ என்ன விலை என்பாள். ஒரே தொல்லை, எங்கள் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவள் வீட்டுப் படகில் யார் அப்படி உட்கார்ந்தார்கள்? இரண்டு இழுப்புக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். படகு ஆடும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வப்போது திரும்பி வழி பார்த்துச் சொல்வது அவள் முதுகுக்குப் பின்னால் உட்காரும் என் வேலை.

"போற வழியப் பாக்காம போறது பேஜாரா கீதுடி" என்பாள்.

அணித் தேர்வுக்கு முந்தின நாள் கோச் கறாராகச் சொல்லிவிட்டார். நாளை அவள் ஒரு தடவை திரும்பினாலும் இடம் வேறு ஜோடிக்கு. அன்று அவள் டீகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் படகில் ஏறும்போது, "உன்ன நம்பித்தான் ஏர்றேன்" என்றாள்.

நான் சொன்னேன், அவள் இழுத்தாள். இடது, வலது, நேர். கழுத்து அசையவே இல்லை. பாதி தூரத்தில் மற்ற படகுகளெல்லாம் எங்கள் கண்ணெதிரே, அதாவது எங்களுக்குப் பின்னால், வந்துவிட்டன. தோற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெயிக்கிற சுகம் இருக்கிறதே, அடடா! அதில் நான் மெய்மறந்துவிட்டேன். எல்லைக் கொடியைத் தாண்டியதும் தெரியவில்லை, கோச் கத்தியதும் காதில் விழவில்லை. சர்ரென்று போய்க் கரைச் சேற்றில் செருகி நின்றோம்.

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்த கோச், கரை வருவதுகூடவா தெரியவில்லை என்று அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் முழங்கால் சேற்றில் நின்றபடி நிதானமாகச் சொன்னாள்:

"இவ நிறுத்துன்னு சொல்லல சார். நான் திரும்பல."



கோச் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், இடம் எங்களுக்குத்தான் என்றார்.