கட்டு இறுகிய கை

என் கணவர் பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்த ஒரு மாலை, வேலை முடிந்து வரும்போது பைக் குழியில் இறங்கிச் சறுக்கியதில் வலது முன்கை முறிந்தது. வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்.

காலையில் பார்த்தால் விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. வலி என்று வாய் திறக்காத மனிதர், "உள்ள யாரோ போட்டு நெரிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கட்டு போட்டா வலிக்கத்தாம்மா செய்யும். மாத்திரை எழுதித் தர்றேன்."

"விரலே அசைய மாட்டேங்குது சார். கொஞ்சம் தளர்த்திப் பாருங்களேன்."

"டாக்டர் நீங்களா, நானா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள்.

மறுபடி போனோம். அதே பதில். பிறகு கட்டின் ஓரத்திலிருந்து நாற்றம் வரத் தொடங்கியது. கசாப்புக் கடைச் சாக்கடை நாற்றம். தன் கையின் நாற்றம் தாங்காமல் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே கட்டைப் பிரித்த டாக்டர் வெளியே வந்து, "அன்னிக்கே இந்தக் கட்ட வெட்டி விட்டிருந்தா கைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. யாரும்மா இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். செத்த சதையை அறுத்தெடுத்தார்கள். கை தப்பியது; விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். அலட்சியம்தான் காரணம் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார் எங்கள் வக்கீல். கட்டைப் பிரித்தவரிடமே போனேன்.

"நான் அப்படி எதுவும் சொல்லலையேம்மா" என்றார். கதவைச் சாத்திவிட்டு, "அவரும் நானும் ஒரே ஃபீல்டு. நாளைக்கு ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்கணும்" என்றார்.

முதல் டாக்டர் மேல் எனக்குக் கோபம். இவர் மேல் வந்தது அருவருப்பு. அவர் மேசையிலிருந்த தண்ணீரைக்கூட என்னால் குடிக்க முடியவில்லை.

நர்சிங் ஹோம் தந்த பதில் மனுவில், நாங்கள் நாட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டதால்தான் கை கெட்டது என்று இருந்தது. வக்கீல் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "மறைக்காம சொல்லுங்க, போனீங்களா?" என்று எங்களையே கேட்டார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியில் ஆணையம் அரசு ஆஸ்பத்திரி மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. இறுகிய கட்டைத் தளர்த்தாததே காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. என் கணவர் இப்போது அதே தொழிற்சாலையின் ஸ்டோரில், இடது கையால் சாமான் எடுத்துக் கொடுக்கிறார். லேத் பக்கம் போவதில்லை.

நர்சிங் ஹோம் இன்னும் நடக்கிறது. சமீபத்தில் பக்கத்து வீட்டுப் பெண், கால் பிசகிய மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"இங்க நர்சிங் ஹோமுக்குத்தான் அக்கா. கிட்டக்க இதுதானே இருக்கு."

நான் டிரைவர் பக்கம் போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிட்டு, அவர்களோடு ஏறி உட்கார்ந்தேன்.