கொட்டாங்கச்சிக்கு அடியில் அச்சாரம்

கஜா புயலில் அன்புமொழியின் தோட்டத்துப் பலாக்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தன. வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒன்று மட்டும் தப்பியது. கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய் அந்த மரம் நிற்கிறதா என்று பார்த்தால்தான் அவளுக்குப் படபடப்பு அடங்கும்.

யாராவது எதிரே நின்று கேட்டால் அவளுக்குப் பேச்சு வராது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியபோதும் வாய் திறக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது சம்மதமா என்று கேட்டார்கள். அவள் எச்சில் விழுங்குவதற்குள் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

மர வியாபாரி முனியசாமி வந்த அன்றும் அப்படித்தான். மரத்தைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன தங்கச்சி, பேச்சே காணோம்? வேணாம்னா இப்பவே சொல்லிரு. சொல்லலேன்னா முடிஞ்சதுன்னு வச்சுக்கிறேன். நாளைக்கு ஆளோட வாரேன்."

அச்சாரமாகச் சில நோட்டுகளை வாசப்படியில் வைத்தார். மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

நோட்டுகள் காற்றில் படபடத்தன. எடுத்து உள்ளே வைத்தால் வாங்கியதாகிவிடும். விட்டால் பறந்துபோய்ப் பழி வரும். ஒரு கொட்டாங்கச்சியை விரல் படாமல் அவற்றின் மேல் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. மூடி வைத்ததே வாங்கியதாகிவிட்டால்?

அடுத்த வீட்டுச் சுகுணா ஆலங்குடியில் ஒரு வக்கீலிடம் டைப் அடிப்பவள். சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அன்புமொழி போய் நடந்ததைச் சொன்னாள்.

"அவரு கேட்டாரு. நீ சரின்னியா?"

"இல்லக்கா."

"தலைய ஆட்டுனியா?"

"பயத்துல ஆடியிருக்குமோ என்னமோ..."

"போடி. ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் ஒத்துக்கணும். அப்பத்தான் பேச்சு முடியும். ஒன் பதிலையும் அவரே சொல்லிக்கிட்டா எப்புடி? சுண்ணாம்ப ஒன் நெத்தியில இழுத்திருந்தா அவரு பின்னாடியே போயிருப்பியா?"

அன்புமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "அறுத்துப் போட்டுட்டா, அப்பறம் கேசு போட்டு நட்டுவைக்கவா முடியும்?"

சுகுணாவும் சிரிப்பை நிறுத்தினாள். "அதான். அறுக்கிறதுக்கு முன்னாடி ஒன் வாயால சொல்லிரு."

காலையில் மினி லாரி வந்தது. ரம்ப மெஷினோடு ஆட்கள் இறங்கினார்கள். முனியசாமி கொட்டாங்கச்சியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"பத்திரமா மூடி வச்சிருக்க. அப்பறம் என்ன? டேய், கயித்தப் போடுங்கடா."

மேல் கிளையில் கயிறு விழுந்தது. மெஷின் உறுமியது. எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மரத்தில் முதுகை அண்டக்கொடுத்து நின்றாள்.

"பறந்திரக் கூடாதேன்னு மூடுனேண்ணே. ஒங்க காசு, எடுத்துக்கங்க. மரத்தத் தாரேன்னு நான் சொல்லல. தரமாட்டேன்."

குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வேலிக்கு அங்கிட்டுக் குடத்தோடு போன பெண்கள் நின்று திரும்பினார்கள். முனியசாமி அவர்களைப் பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு நோட்டுகளைப் பொறுக்கினார்.

"வேற எவனுக்காச்சும் குடு, அப்பப் பாத்துக்கிறேன்."

லாரி போனது. அவள் சுண்ணாம்புக் கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பட்டையின் வெடிப்புக்குள் இறங்கியது வரவில்லை. சாணியைக் குழைத்து மேலே பூசினாள். ரோட்டில் ஏதோ ஒரு லாரி கியர் மாற்றியது. கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை, "தரமாட்டேன், தரமாட்டேன்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அடுத்த தடவைக்கு நாக்கு மறந்துவிடக் கூடாதே என்று.