ராமலட்சுமி அம்மாளின் ரைபிள்

முதல்முறை சுட்டுப் பார்த்துவிட்டு ராமலட்சுமி அம்மாள் எங்கள் கடைக்கு வந்தபோது அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. புஜம் கன்றிப் போயிருந்தது. ரைபிளைப் பழைய சேலையில் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

“கண்டக்டர் இது என்ன லக்கேஜுன்னான். எங்க வீட்டுக்காரருன்னேன். பொறவு அவன் வாயே தொறக்கலை” என்றார்.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் ரிப்பேர் வேலை பார்த்தேன். முதலாளி காதர் பாய். அம்மாளின் கணவர் பட்டாளத்தில் இருந்தவர், ஆறடி ஆள். ராணுவம் கழித்துவிட்ட ரைபிளை, பொதுமக்களுக்கு அனுமதியுள்ள குழல் அளவுக்கு மாற்றி விற்றபோது வாங்கியிருந்தார். அவர் இறந்த பிறகு, லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அம்மாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். மலையடிவாரத்தில் அவருக்கு மாந்தோப்பு. காட்டுப்பன்றி இறங்கினால் விரட்ட ஒரு வெடிச்சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அம்மாள் ஐந்தடிக்கும் குறைவு. ரைபிளின் மரப் பின்கட்டை அவருக்கு நீளமாக இருந்ததால் அது தோளில் உட்காராமல் புஜத்தில் உதைத்திருந்தது.

“இதைச் சாக்கா வச்சு எங்க கொழுந்தன் தோப்பைக் குத்தகைக்குக் கேக்காரு. பொம்பளையால ஏலாதாம். ஒங்களால இதைக் குட்டையாக்க ஏலுமா, ஏலாதா?”

மறுநாளே கொழுந்தன் தங்கராசு கடைக்கு வந்துவிட்டார். அண்ணனைப் போலவே உயரம். “பட்டாளத்துச் சாமான் பாய். அண்ணன் ஞாபகமா இருக்கு. ரம்பம் வச்சிராதீங்க.”

பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “லைசென்ஸ் அவுக பேர்ல இருக்கு. ஞாபகம் ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

அம்மாளைக் கடையில் நிற்கவைத்து, மடக்கிய முழங்கையிலிருந்து விரல்வரை அளந்தேன். பின்கட்டையை அந்த அளவுக்கு அறுத்தேன். நுனியிலிருந்த பித்தளைத் தகட்டுக்குப் பதில், உதையைத் தாங்க ரப்பர் பேட் வைத்தேன். முன்பக்கம் பேரலை மூடியிருந்த மரத்தைக் குறைத்ததும் எடை இறங்கியது. பேரலிலும், துப்பாக்கியில் பொறித்திருந்த நம்பரிலும் கைவைக்கவில்லை. அதற்குச் சட்டம் விடாது. அறுத்த கட்டையை மறுபடி ஒட்ட முடியாது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

சுட்டுப் பார்க்க நானும் பாயும் தோப்புக்குப் போனோம். தங்கராசு எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். எதிரே இருந்த மண்மேடுதான் குறி. அம்மாள் கட்டையைத் தோளில் அணைத்தார். கன்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்தது. வெடித்தது. மண்மேட்டில் புழுதி பறந்தது. அம்மாள் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொரு தோட்டாவுக்குக் கை நீட்டினார்.

தங்கராசுக்குப் பொறுக்கவில்லை. “அது குருட்டு யோகம் மதினி. குடுங்க, எப்படிச் சுடணும்னு காட்டுதேன்.”

“அண்ணாச்சி, கட்டை ஒங்களுக்குச் சின்னது, வேண்டாம்” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நீண்ட கையை மடக்கிச் சுருக்கி, முகத்தைக் கட்டையோடு ஒட்டிவைத்துச் சுட்டார். உதைத்த வேகத்தில் அவருடைய கட்டைவிரலே அவர் மூக்கில் குத்தியது. ரத்தம் சட்டையில் சொட்டியது.

அம்மாள் ரைபிளை வாங்கிக்கொண்டு முந்தானையை நீட்டினார். “தொடைச்சுக்கிடுங்க தம்பி. எனக்குத் தச்ச ஜாக்கெட்டு ஒங்களுக்கு எப்படிச் சேரும்?”

பாய் மாமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. தோப்பு கடைசிவரை அம்மாள் கையிலேயே இருந்தது. தங்கராசு வெகுநாள் எங்கள் கடைத் தெருப்பக்கம் வரவில்லை.

அதுவரை, வருகிற துப்பாக்கியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு, பிடிக்கப்போகிற ஆளைப் பார்க்காமல் எந்தக் கட்டையிலும் ரம்பம் வைத்ததில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்: துப்பாக்கி பேசாமல் மேசையில் கிடக்கும். அதைக் கொண்டுவந்தவரிடம் முதலில் பேசுங்கள்.